தவிட்டு விலை

எம்.கே.பி. நகரில் புறாத் தீனிக் கடை வைத்திருக்கும் மண்ணாங்கட்டியிடம் ஒரு பழைய தானியத் தராசு இருக்கிறது. ராயபுரத்தில் ஏதோ கிடங்கை இடித்தபோது கிடைத்தது. அதன் பித்தளைக் குவளையில் தானியத்தை நிரப்பி, தலை தட்டி, கோலில் மாட்டினால் போதும். மணி திரண்டதா, பொக்கா என்று காட்டிக்கொடுத்துவிடும். மூட்டை இறக்க வரும் வியாபாரிகளுக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. "மாமு, அத்த உள்ள வையேன்" என்று கெஞ்சுவார்கள். இவரா வைப்பார்!

பொக்குச் சரக்கு என்றாலே அவருக்கு ஆகாது. காரணம் அவர் பேரிலேயே இருக்கிறது. அவருக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதாக வந்தவரை அவருடைய அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினாள். மதிப்பில்லாத பிள்ளையை எமன் சீண்டமாட்டானாம். பேரும் அதற்கேற்றாற்போல் வைத்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் தொடங்கிய சிரிப்பு ரேஷன் கடை வரிசை வரை ஓயவில்லை. சிரிக்கிறவர்களுக்கு என்ன, போய்விடுவார்கள். அறுபது வயதிலும் அவருக்கு வலிக்கத்தான் செய்தது.

போன மாசம் பிரசவத்துக்கு வந்திருந்த மகள் மகிழினிக்கு ஆண் குழந்தை பிறந்தது. இதற்கு முன் இரண்டைப் பறிகொடுத்தவள் அவள். எதிர்வீட்டுக் கோவிந்தம்மா பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, "தவுடு எட்தாண்ணா, புள்ளய வாங்கிக்கோ" என்றாள்.

மண்ணாங்கட்டி கடைக்குப் போனார். தவிட்டு மூட்டையைத் தொடவே இல்லை. இருந்த கோதுமையையெல்லாம் குவளையில் போட்டுப் பார்த்து, எது அதிக எடை நின்றதோ அதில் ஒரு படி கொண்டுவந்து வைத்தார்.

"இன்னாண்ணா இது? ஒசந்த சரக்கு குட்து வாங்கினா புள்ள மேல கண்ணு படாதா?" என்றாள் கோவிந்தம்மா.

"என் பேரன் தவுட்டுக்கு வந்தவன்னு எவனும் சொல்லக்கூடாது. நான் பட்டது போதும்."

மகிழினி கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"நைனா, நாலு புள்ளைல நீ ஒருத்தன்தானே நின்ன? எனுக்கு இவன் நிக்கணும். தவுடே கொண்டா. வூட்ல கூப்பிட உன் பேரத்தான் வெக்கப்போறேன்."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பேரை ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. கோதுமையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனவர், ஒரு படி தவிட்டை அள்ளி, தூசி தும்பு இல்லாமல் இரண்டு முறை சலித்துக் கொண்டுவந்தார்.

கோவிந்தம்மா குழந்தையை நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"டேய் மண்ணாங்கட்டி" என்று கூப்பிட்டார்.