பாதிப் பேச்சில் அணைந்த மெழுகுவர்த்தி

ஜெபமாலை அக்கா போயிட்டாங்க. காலையில் அவர் மகள் போன் பண்ணினாள்...

அக்காவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. சின்ன வயதிலேயே புருஷன் தவறிவிட்டார், அடக்கம் செய்தது ஸ்ரீவில்லிபுத்தூரில்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு அப்போது மெழுகுவர்த்தி வியாபாரம். நவம்பர் ரெண்டு, கல்லறைத் திருநாள் அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஸ்டால் போடுவேன்.

எல்லோரும் விலை கேட்பார்கள். அக்கா மட்டும், "இது எம்புட்டு நேரம் எரியும்?"

அது எரிகிற வரைக்கும் புருஷனிடம் பேசுவார். வருஷத்துக் கதை முழுக்க. அணைந்ததும் சேலையைத் தட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவார்.

ஒரு வருஷம் பெரிய சைஸ் கேட்டார். "இந்தத் தடவ அவியள ஏச வேண்டியது நெறைய கெடக்கு."

இன்னொரு வருஷம் நான் தப்பு பண்ணினேன். மெழுகு விலை ஏறிவிட்டது, மட்டமான சரக்கைக் கலந்தேன். லாபத்துக்குத்தான், மறைக்க என்ன இருக்கு.

ஒரு மணி நேரம் எரியும் என்று சொல்லி விற்றது, அரை மணியில் முடிந்துவிட்டது.

அக்கா ஸ்டாலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"யாவாரி, மவ கல்யாணத்தச் சொல்ல வாயெடுத்தேன்... அணஞ்சு போச்சு."

மாப்பிள்ளைப் பையன் இந்து. மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். புருஷனைக் கேட்காமல் சரி சொல்ல அக்காவுக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று ஏற்றுங்கள் என்றேன். "புதுசா ஏத்துனா மொதல்ல இருந்துல்லா சொல்லணும்" என்றார்.

பெட்டியைக் கிளறினேன். போன வருஷத்து நல்ல சரக்கில் ஒன்று கிடந்தது. நானே கொண்டுபோய் ஏற்றினேன்.

காற்று. கையை அணை கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

மொதல்ல இருந்து ஆரம்பித்தார். முதல் புகாரே என்னைப் பற்றித்தான்... "இந்தா நிக்கான் பாருங்க, இவன்தான் ஏமாத்துனவன்."

கல்யாணப் பேச்சு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. எனக்குக் கேட்கவில்லை. சுடர் மட்டும் ஆடியது.

அணைந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சரின்னுட்டாவ."

அந்த மகள்தான் இன்று போன் பண்ணியது.

போன வருஷம் வீட்டில் ஒரு வீடியோ காட்டினார்கள். மெக்சிகோவில் இதே நவம்பர் ரெண்டில் கல்லறையைச் சுற்றிப் பூவும் மெழுகுவர்த்தியுமாக உட்கார்ந்து, செத்தவர்களோடு பேசிச் சிரிக்கிறார்கள். "அட, ஜெபமாலை அக்கா ஊரு" என்றேன்.

அக்காவைப் புருஷன் பக்கத்திலேயே அடக்கம் பண்ணுகிறார்களாம். இனி மெழுகுவர்த்தி தேவையில்லை, ரெண்டு பேரும் நேரிலேயே பேசிக்கொள்ளலாம்.

எனக்குத்தான் அக்காவிடம் பேச நிறைய இருக்கிறது.

நவம்பர் ரெண்டு வாரேன்க்கா. பெரிய சைஸ்... நல்ல மெழுகு.