தம் போட்ட கல்யாணக் கேக்

காஜிமார் தெருவில் சுல்தான் பீவியின் வாய்க்குப் பயந்து கறிக்கடைக்காரர் எலும்பைக் குறைத்துப் போடுவார். அப்படிப்பட்ட பொம்பளைக்கு, எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிற ஷைமா எப்படி வந்து பிறந்தாள் என்று தெருவே வியந்தது. "வீட்டுல பேச வேண்டியதெல்லாம் இவளே பேசிட்டா, புள்ளைக்கு எங்கிட்டு மிஞ்சும்?" என்பார் புருஷன் அப்துல் அலீம், குடைக்கடைக்காரர். அதையும் அவள் காதில் விழாமல்தான் சொல்வார்.

தொண்ணூற்றெட்டில் ஷைமாவுக்கு அவனியாபுரத்தில் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளை முகமது யாசீன் தங்கமான பையன். அவன் அம்மா ஜொகராதான் கொஞ்சம் தகரம். சொந்த பேக்கரி. கல்லாவில் உட்கார்ந்து பழகி, யாரைப் பார்த்தாலும் அவளுக்குக் கடைப் பையன்களாகவே தெரிந்தது. நிச்சயத்தன்று ஷைமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு வாயே இல்ல போல. நல்லதுதான், எங்க வீட்டுக்கு நான் ஒருத்தி பேசுனாப் போதும்" என்றாள். சுல்தான் பீவி மகளைத் திரும்பிப் பார்த்தாள். இவளிடம் போய் இந்தப் பிள்ளை எப்படிக் காலம் தள்ளும்?

"கல்யாணக் கேக்கு நம்ம கடையிலருந்து வந்துரும். நீங்க பிரியாணிய மட்டும் பாத்துக்கங்க" என்றாள் ஜொகரா.

"கேக்கும் எங்க வீட்லதான். ஒருவாய் தின்னுட்டு நீங்க மறுவாய் கேக்கலைன்னா, நான் இனிமே வாயத் தொறக்கல!" என்று சவால் விட்டாள் சுல்தான் பீவி.

அப்துல் அலீமுக்கு இரண்டில் எது நடந்தாலும் லாபம்தான்.

கேக்கை அவள் அதுவரை தின்றிருக்கிறாளே தவிர, செய்ததில்லை. இதில் என்ன பெரிய கம்பசூத்திரம் என்று இறங்கிவிட்டாள். கடைக் கேக்கில் பூசுகிற கிரீம் அவளுக்கு சோப்பு நுரை. சீனிக்குப் பதில் கருப்பட்டி, பாலுக்குப் பதில் பருத்திப்பால், எசன்சுக்குப் பதில் சுக்கும் ஏலக்காயும். கல்யாணத்தன்று காலையில் மொட்டை மாடியில், பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சாவை அடுப்பில் ஏற்றினாள். அடியில் நெருப்பு, மூடி மேல் கங்கு. அதுவரைக்கும் சரி. ஆனால் காலமெல்லாம் பிரியாணி ஆக்கிய கை சும்மா இருக்குமா? மைதா மாவைக் கயிறாகத் திரித்து, மூடியைச் சுற்றி இம்மி இடைவெளி இல்லாமல் ஒட்டிவிட்டது. ஷைமா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வழக்கம்போல மூடிக்கொண்டாள்.

திறந்தால், மூடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வெளியே போக வேண்டிய ஆவி எல்லாம் கேக்குக்குள்ளேயே இறங்கி, நடுவில் குழி விழுந்து, கன்னங்கரேலென்று அல்வாப் பதத்தில் கிடந்தது. போதாததற்கு, பக்ரீத் பிரியாணி எல்லாம் பார்த்த அந்தத் தேக்சா தன் பங்குக்குப் பட்டை, கிராம்பு வாசத்தையும் கொடுத்திருந்தது.

"யா அல்லா! கேக்குக்குப் போயி தம்மு போட்டுட்டேனே!" என்று தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கீழே வேன் ஹார்ன் அடித்தது. வேறு வழியில்லை. அப்துல் அலீம் தேக்சாவுக்கு ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினார்.

மண்டபத்தில் பெண்கள் பக்கம் ஜொகரா கத்தியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இது கேக்கா, செவுத்துல பூசுறதா?"

சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுல்தான் பீவி குனிந்து தேக்சாவின் ரிப்பனைச் சரிசெய்தாள். போகிற வீட்டில் முதல் நாளே பிள்ளையைக் கேலிக்கு ஆளாக்கிவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது.

அப்போது ஷைமா கல்யாணச் சேலையோடு எழுந்து வந்தாள். பிரியாணிக் கரண்டியை எடுத்தாள்.

"மாமி, கத்திய அங்கிட்டு வைங்க. எங்க வீட்டுக் கேக்க அள்ளித்தான் திங்கணும்."

ஜொகரா திகைத்துப்போய்த் தட்டை நீட்டினாள். ஒருவாய் தின்றாள். கண்ணை மூடினாள். தட்டை மறுபடி நீட்டினாள். அதற்கப்புறமும் நீட்டினாள். பிறகுதான் கௌரவம் ஞாபகம் வந்தது.

"ருசி கெடக்கட்டும். எங்க கடையில வச்சா இத ஒருத்தன் வாங்க மாட்டான்."

"நீங்க மிச்சம் வச்சாத்தான மாமி கடைக்குப் போகும்?" என்றாள் ஷைமா.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜொகராவுக்கே சிரிப்பு வந்து புரையேறியது. ஷைமாதான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

சுல்தான் பீவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தப் பிள்ளை எந்த வீட்டிலும் பிழைத்துக்கொள்ளும். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நின்ற அப்துல் அலீம் மெதுவாகக் கேட்டார், "ஏய், இது யாரு வாயி?"

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள், "என்னோடதுதான். கட்டில் பீரோவோட சேத்து அதையும் கொண்டு போறா."