வளைவுக்கு வெளியே நின்ற அம்மன்

என் மகனுடைய ஃபோர்வீல் வண்டி பழசு. வாங்கும்போதே பழசு. அதில்தான் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்காரர்களின் சிறு தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிக் எண்ணெய் ஆலையில் கொண்டுபோய்ப் போடுகிறான். மழை மாதத்தில் சுங்கை புரோங் பக்கம் போகிற மண்பாதை கஞ்சியாகிவிடும். வண்டியின் வயிறு சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் அப்படி மாட்டிக்கொண்டு, இழுக்க ஆள் கிடைக்காமல், காலில் அட்டையோடு நடந்தே வீட்டுக்கு வந்தான். அன்றைக்குத்தான் சொன்னான், வண்டியை உயர்த்தப் போகிறேன், பட்டறைக்குக் கொடுக்கப் போவதில்லை, நானே செய்வேன் என்று.

வாசலில் மாமரத்தடியில் வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரன் செய்வதைக் கைப்பேசியில் பார்ப்பான், நிறுத்துவான், அடியில் படுத்து அதையே செய்வான். பின்பக்கத்து ஸ்பிரிங்கில் பட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும். பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த ஒரு பட்டையை இரண்டு பக்கமும் கூடுதலாகச் சேர்த்தான். முன்பக்கம் பட்டை கிடையாது, முறுக்குக் கம்பிதான். போல்ட்டை இறுக்க இறுக்க வண்டி மூக்கைத் தூக்கியது. குலுக்கலைத் தாங்குகிற அப்சோபரும் நீளமானதாக மாற்றினான். பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று திரும்பத் திரும்பக் குனிந்து பார்த்தான். ரொம்பவும் தூக்கினால் ரோட்டில் பிடித்து சம்மன் கொடுப்பார்கள், அதனால் அளவோடுதான் என்றான்.

நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்க எனக்கு வராது. கித்தா மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தேன், அதற்குப் பிறகு செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கினேன், இடுப்பு விட்டுப்போகும்வரை வேலை செய்தேன். ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். ஒரு இடத்தில் போல்ட் ஏறவே இல்லை. பட்டை வளைந்து நின்றதால் ஓட்டையும் ஓட்டையும் சேரவில்லை. பின்னால் கொஞ்சம் பாரம் இருந்தால் பட்டை நிமிரும், போல்ட் போய்விடும் என்றான். நான் முக்காலியில் ஏறி வண்டியின் பின்தட்டில் நுனியில் உட்கார்ந்தேன். எனக்குக் கீழே இரும்பு முனகிக்கொண்டு இறங்கியது. போல்ட் போய்விட்டது. என் பாரத்துக்கு ஒரு வண்டி அடங்குகிறதே என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைத்தான் இப்போது நினைக்க முடியவில்லை.

வேலை முடிந்து சக்கரமும் பெரிசாகப் போட்டபோது வண்டி ஏதோ எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கிவிட்டு, மகன் அந்த மண்பாதைக்குப் போனான். சேறு அப்பிக்கொண்டு சிரித்தபடி திரும்பி வந்தான்.

அதோடு விட்டிருக்கலாம். திருவிழா வந்தது.

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளை எப்போதோ இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் இருக்கிறது. திருவிழாவுக்கு ராவாங், கிள்ளான் என்று எங்கெங்கோ போனவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். அம்மனை ஊர்வலமாக எடுத்துப்போகிற உரிமை வழிவழியாக ஒரு வீட்டுக்குத்தான். அவர்களிடம் ஒரு சின்ன லோரி உண்டு. அந்த வீட்டம்மா என்னோடு ஒரே கும்பலில் மரம் வெட்டியவள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் லோரி கெட்டுப்போய்க் கிடந்ததால் கொஞ்ச காலமாக என் மகன் வண்டியில்தான் அம்மன் போய்வந்தாள். அம்மன் திரும்பி வரும்போது கோயில் வாசல் வளைவில் ஆரத்தி எடுப்பது வண்டிக்காரர் வீட்டுப் பெரியவள். அந்தத் தட்டு என் கைக்கு வந்தது. ஒரு தடவை கைக்கு வந்ததை விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

லோரியைப் பழுது பார்த்துச் சாயமும் அடித்துவிட்டார்கள். திருவிழா ஆலோசனைக் கூட்டத்தில் அக்கா எழுந்து, இந்தத் தடவை எங்கள் லோரியே எடுக்கட்டும் என்று கேட்டாள். நியாயமாகத்தான் கேட்டாள். கோயில் தலைவரும் தலையாட்டினார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினேன்.

“லோரி தாழ்வா இருக்கு தலைவரே. என் மகன் வண்டிய ஒசத்தியிருக்கான். அம்மன் ஒசரத்துல வந்தாத்தானே எல்லாரும் பாக்க முடியும். தாழ்வா வர்றது நமக்கு அழகா?”

தலைவர் இதற்கும் தலையாட்டினார். அக்கா என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து ஊர்வலம்வரை அவள் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகன் வேண்டாம் என்றான். வளைவின் உயரத்தை அவன் ஏற்கெனவே கம்பு வைத்துப் பார்த்திருக்கிறான். அம்மன் பீடம், அதற்கு மேல் பந்தல், பந்தலுக்கு மேல் கலசம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறான்.

“பாரம் இருந்தா அடியில போயிடும்மா. பாரம் இல்லாட்டி இடிக்கும். இந்த வருஷம் லோரியே எடுக்கட்டும்லா.”

“அம்மன் ஊர்வலத்துல என்னைக்குடா பாரம் இல்லாம இருந்துச்சு?” என்றேன் நான்.

இதைச் சொன்னவள் நான். வளைவில் ஆரத்தி எடுத்தவளும் நான்தான். எங்கள் கோயிலில் போகும்போது பூசாரி, வழியில் தொங்குகிற கரண்டுக் கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற ஆட்கள், தேங்காய் மூட்டை என்று எல்லாம் வண்டியில் ஏறும். திரும்பும்போது வளைவுக்கு முன்னாலேயே எல்லாரும் இறங்கிவிட வேண்டும். அம்மன் தனியாகத்தான் வீட்டுக்குள் வருவாள், யாரும் அவளோடு ஏறி வரக்கூடாது. அந்தக் கடைசி நிமிஷத்துக்காகத்தான் நான் தட்டோடு நிற்பேன். அது தெரிந்த வாயால்தான் மகனை அடக்கினேன். அவனும் எதிர்த்துப் பேசாமல் அடங்கிவிட்டான்.

ஊர்வலம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பியது. வண்டி நிறைய ஆள். பட்டைகள் நன்றாக இறங்கியிருந்தன. கலசத்துக்கும் வளைவுக்கும் நடுவில் ஒரு கை போகிற இடைவெளி. உறுமி மேளம் முன்னால் போக, அம்மன் நிஜமாகவே உயரத்தில் போனாள். தூரத்தில் நின்றவர்களும் கும்பிட்டார்கள். கூட்டத்தில் அக்காவைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் அம்மன் திரும்பினாள். தேங்காய் எல்லாம் வழியிலேயே உடைத்து முடிந்துவிட்டது. வளைவுக்கு முன்னால் வண்டி நின்றது. கம்பி தூக்கியவர்கள் குதித்து இறங்கினார்கள். பூசாரியைக் கைபிடித்து இறக்கினார்கள். ஒவ்வொரு ஆள் இறங்கும்போதும் வண்டி எழும்பியது. நான் தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு எதிரில் நின்றேன். எழும்புவதை என் கண்ணால் பார்த்தேன். மாமரத்தடியில் எனக்குக் கீழே முனகி இறங்கிய அதே இரும்புதான். அப்போதாவது கையை நீட்டி நிறுத்தச் சொல்லியிருக்கலாம். கூட்டத்துக்கு முன்னால் வாய் வரவில்லை.

மகன் அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். கலசம் வளைவில் உரசி மடங்கியது. சுண்ணாம்பு பெயர்ந்து அம்மன் மாலை மேல் விழுந்தது. உறுமி நின்றுபோனது. வண்டி பின்னால் போய் நின்றது. இரண்டு பக்கமும் வாய்க்கால், வேறு வழி கிடையாது. அம்மன் அமர்ந்த பிறகு அலங்காரத்தையும் கழற்றக் கூடாது. தன் வீட்டு வாசலுக்கு வெளியே அம்மன் நின்றாள். என் கையில் சூடம் எரிந்து அணைந்தது.

“ஒசரம் போதுமா?” என்று பின்னாலிருந்து யாரோ ஒரு ஆம்பளை கேட்டான். சிரிப்பு கிளம்பி அடங்கியது.

மகன் இறங்கினான். என்னைப் பார்க்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு டயராகக் காற்றைத் திறந்துவிட்டான். மேளம் இல்லாத அமைதியில் அந்தக் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. கம்பு வைத்துப் பார்த்தான். கொஞ்சம்தான் இடித்தது, ஆனாலும் இடித்தது. இதற்கு மேல் காற்றை விட்டால் டயர் கழன்றுவிடும் என்றான். சிமெண்டு மூட்டை ஏற்றலாம் என்றார் தலைவர். அம்மன் காலடியில் சிமெண்டா என்று பூசாரி முகம் சுளித்தார். ஆளும் ஏறக்கூடாது, மூட்டையும் வைக்கக்கூடாது என்றால் என்ன செய்வது என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். மகன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான், துடைத்த கையையே திரும்பத் துடைத்தான்.

அப்போது அக்கா முன்னால் வந்தாள்.

“பூசாரி ஐயா, தாய் வீட்டுக்குள்ள போகும்போது மக காலடியில உக்காரலாமில்ல? வயசான பொம்பளைங்க நாங்க. எங்களால என்ன தீட்டு?”

பூசாரி யோசித்தார். காலடியில் என்றால் தப்பில்லை என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். “வா.”

தட்டைத் தலைவர் கையில் கொடுத்தேன். வண்டியின் பின்தட்டு என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. வீட்டில் முக்காலி இருந்தது, இங்கே எதுவும் இல்லை. கையை ஊன்றி எம்பினேன். கால் வரவில்லை. திரும்பவும் எம்பினேன். புருஷன் போன நாளிலிருந்து ஒருத்தர் கையைப் பிடித்து நான் எழுந்ததில்லை. அக்காவின் மகன்கள் இரண்டு பேரும் வந்து, மன்னிச்சுக்குங்க அத்தை என்று சொல்லி, குலை தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கி வைத்தார்கள். சேலை முழங்காலுக்கு ஏறிவிட்டது. இழுத்துவிட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி கொஞ்சம் இறங்கியது. மகன் கம்பு வைத்தான், இல்லை என்று தலையாட்டினான். பத்தவில்லை.

“நீ எப்பவும் ஒல்லிதான்” என்றாள் அக்கா. “நகரு.”

அவளைத் தூக்க நான்கு பேர் வந்தார்கள். நுனிக்கு வந்து உட்காருங்கள், அப்போதுதான் பின்பக்கம் இறங்கும் என்று மகன் சொன்னான். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, காலைத் தொங்கப் போட்டு, இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்தோம். எங்களுக்குக் கீழே பட்டை முனகியது.

வண்டி நகர்ந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வளைவு எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆனாலும் நிமிர முடியவில்லை.

“குனிஞ்சா பாரம் ஏறாது. நிமிர்ந்து உக்காரு” என்றாள் அக்கா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நிமிர்ந்தேன். வளைவின் அடிப்பக்கம் எங்கள் தலைக்கு மேல் கடந்துபோனது. பெயர்ந்த இடம் பச்சைப் புண் மாதிரி தெரிந்தது. உறுமி திரும்பவும் ஆரம்பித்தது. ஆரத்தியைத் தலைவர் வீட்டம்மா எடுத்தாள்.

எல்லாரும் அம்மன் பின்னால் கோயிலுக்குள் போய்விட்டார்கள். எங்களை இறக்கிவிட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. குதிக்கிற வயசா எங்களுக்கு? அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அக்கா மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, கிழித்து, பாதியை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். கூட்டத்தில் நான் பேசியதை எடுத்துச் சொல்லித் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசி என் மானத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருப்பேன்.

“அடுத்த வருசம் லோரி எடுக்கட்டும்கா” என்றேன்.

“தாழ்வாச்சே.”

“ஏறி எறங்க சுலபம்.”

அவள் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

மகன்தான் கடைசியில் வந்து எங்களை இறக்கிவிட்டான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ரோட்டையே பார்த்து ஓட்டினான். டயரில் காற்று குறைவாக இருந்ததால் வண்டி மெதுவாகப் போனது. வீட்டு வாசலில் முக்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, இறங்கும்மா என்றான். அவன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல நினைத்தேன். காலைப் பார்த்து வை என்று அவன் சொன்னான். அதற்குள் இறங்கி முடிந்துவிட்டது. இன்றுவரை நான் அதைச் சொல்லவில்லை.

அந்த வருஷத்துக் கணக்கு முடிக்கிற கூட்டத்தில் நானே எழுந்து நின்று, ஊர்வலம் லோரி வீட்டுக்குத்தான் சேரவேண்டியது, இனி அவர்களே எடுக்கட்டும் என்று சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. ஒருவராவது மறுப்பார்கள் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன் போல. அதுவும் வெட்கமாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் லோரியில் போனாள் அம்மன். மகன் வண்டி தண்ணீர்த் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு பின்னால் போனது. ஆரத்திக்கு வந்து பக்கத்தில் நில்லு என்று அக்கா ஆள் விட்டுக் கூப்பிட்டாள். சாம்பாருக்குக் காய் நறுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சமையல் கொட்டகையில் பூசணிக்காயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உறுமி தூரத்தில் கேட்டது, கிட்டே வந்தது, வளைவுக்கு வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

சத்தம் நிற்கவில்லை. அப்படியே உள்ளே வந்தது.