கேமராவுக்குள் வராத இரண்டடி

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பிரா அறையைச் சினிமா செட்டாகப் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேமராவை மாற்றிவிட்டார்களாம். புதியதன் சென்சார் சின்னது. மறுபடியும் கணக்கு. சென்சாரின் அகலமும் லென்ஸும் இருபத்து நான்கு மில்லிமீட்டர் என்றால், பத்தடி தள்ளி வைத்த கேமராவுக்குப் பத்தடி அகலம்தான் தெரியும். என் சுவரோ பன்னிரண்டடி.

"ஓரத்துல ரெண்டடி வராது சார். பிரிச்சிடலாமா?" என்றான் உதவியாளன்.

எழுபதுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டு லிந்துலையில் எங்கள் காம்பிரா வாசலிலும் ஒருவர் இப்படித்தான் தூரம் பார்த்தார். நாங்கள் இந்தியா போவதற்கான குடும்பப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தவர். பின்னாலேயே நகர்ந்து, வாசலோரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் காலை விட்டார். அதற்கப்பால் தேயிலைச் சரிவு. ஈர விறகுப் புகையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"எல்லாரும் உள்ள வரலைங்களே," என்றார் படமெடுப்பவர்.

"பெரிய புள்ளய இங்கயே கட்டிக்குடுத்துட்டோங்க. அது எங்ககூட வரலை," என்றார் அப்பா. பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்காமலே, "கொஞ்சம் தள்ளி நில்லு ஆயி," என்றார்.

எனக்குத் தலை சீவிய சீப்போடு அக்கா சுவரோரமாக நகர்ந்துகொண்டாள்.

"தம்பி, கண்ண மூடிறாதடா," என்றாள் அங்கிருந்தே.

அந்தப் படத்தில் அப்பாவும் அம்மாவும் நேரே பார்க்கிறார்கள். நான் மட்டும் ஓரமாகப் பார்க்கிறேன்.

"சார், பிரிக்கட்டுமா?"

"இருக்கட்டும்ப்பா," என்றேன். "நடிக்கிறவங்க அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாங்க."