முதல் சொட்டிலேயே நீலம்

கூம்புக் குடுவையின் அடியில் நின்ற அந்தக் கருநீலம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டாயிரத்துகளின் நடுவில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். அட்டைப்பெட்டிப் பழச்சாற்றில் வைட்டமின் சி எவ்வளவு என்று கண்டுபிடிப்பது ஒரு செய்முறை. சாற்றில் கொஞ்சம் ஸ்டார்ச் கரைசல் விட்டு, பியூரெட் குழாயிலிருந்து அயோடினைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். வைட்டமின் இருக்கும்வரை அயோடினைத் தின்றுவிடும். அது தீர்ந்ததும் சாறு நீலமாகும். அதுவரை எத்தனை மில்லி இறங்கியது என்பதுதான் கணக்கு.

ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் மாணவி ஒருத்தி. நெல் பயிரிடும் குடும்பம். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அவள் கொண்டுவந்த பெட்டி ஸ்டேஷன் கடை வெயிலில் எத்தனை மாதம் வெந்ததோ, முதல் சொட்டிலேயே நீலம். "மூணு தபா பாத்துட்டேன் மேடம். ஒண்ணுமே இல்ல இதுல. இன்னா எழுதறது?" என்றாள். எனக்கோ தலைக்கு மேல் வேலை, மேசை நிறைய ரெக்கார்டு நோட்டுகள். "பெட்டி மேல என்ன போட்டிருக்கான்? அதுல இருந்து தலைகீழா கணக்குப் போட்டு ரீடிங் எழுதிக்கோ. எல்லாரும் செய்றதுதானே! நீ மட்டும் என்னம்மா, சத்தியத்துக்குப் பொறந்தவளா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு அழித்து எழுதினாள். முழு மதிப்பெண் போட்டேன். பெட்டியில் இருந்த வைட்டமின் எங்கே போயிற்று என்று கேட்டிருந்தால் அதுவே நல்ல பாடமாகியிருக்கும். பாவி, நான் கேட்கவில்லை.

படிப்பு முடிந்து தொழிற்பேட்டையில் ஓர் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஸ்வீட் பாக்ஸோடு வந்து சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணவாள நகரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் விஷவாயு இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துச் சீட்டு எழுதித் தருவது அவள் பொறுப்பாம். அந்த வாரம் ஒரு நாள் மீட்டர் அதிகமாகக் காட்டியிருக்கிறது. மேலதிகாரிக்கு அவசரம். ‘மீட்டர்தான் கோளாறு, நேற்று வந்ததையே எழுது’ என்றிருக்கிறார். எழுதிவிட்டாள். இறங்கிய இருவரில் ஒருவர் ஏறி வரவில்லை. தினமும் அவளோடு அதே ரயிலில் வருகிற ஊர்க்காரர் அவர்.

"இன்னொரு தபா பாக்கலாம்னுதான் நெனச்சேன் மேடம். அப்பதான் உங்க கொரல் காதுல கேட்டுச்சி, எல்லாரும் செய்றதுதானேன்னு." அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போட்டுக் கொடுத்த காபி ஆடை படிந்து ஆறிப்போனது.

இப்போதெல்லாம் பூஜ்யம் வந்தால் பூஜ்யம் என்றே எழுது என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். ‘இந்த மேடம் பேஜாரு’ என்று பிள்ளைகள் முணுமுணுப்பது காதில் விழத்தான் செய்கிறது. முணுமுணுக்கட்டும். அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் கேட்டது இதுதான்:

"அன்னிக்கு என்னைய பூஜ்யம்னு எழுத வுட்டிருந்தீங்கன்னா, அந்த அண்ணன் சாயங்காலம் ரயில் ஏறியிருப்பாரா மேடம்?"