மதினி சொன்னது

தந்தி வந்தபோது நான் வெம்பக்கோட்டை ரோட்டில் உள்ள கம்பெனியில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தேன். தபால்காரர் அதை வீட்டில் கொடுக்காமல் கம்பெனி வாசலுக்கே கொண்டுவந்தார். "யம்மா, ஞானம் டீச்சர் தவறிட்டாகளாம்" என்றார். இரண்டு கையிலும் பசை. தாளை வாங்கக்கூட முடியவில்லை. மூன்று நாளுக்கு முன்புதான் விருதுநகர் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மஞ்சள்காமாலை இறங்கிவிட்டது என்றார்கள். தீபாவளிக்கு ஆர்டர் குவிந்து கிடக்கிறது என்று நானும் பஸ் ஏறிவிட்டேன்.

மல்லாங்கிணறில் அவளிடம் படித்த பிள்ளைகளுக்கும், அவளோடு வேலை பார்த்த டீச்சர்மாருக்கும் இதை எழுதுகிறேன். ஞானம் என் வீட்டுக்காரரின் தங்கை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தலைமையாசிரியை அம்மா எழுதச் சொன்னார்கள். பிழை இருந்தால் திருத்திக்கொள்கிறேன் என்றும் சொன்னார்கள். எழுத்துப்பிழையை மட்டும் திருத்துங்கள் அம்மா. மற்றது அப்படியே இருக்கட்டும்.

நான் கல்யாணமாகி வந்தபோது ஞானம் பாவாடை கட்டிய பிள்ளை. பாடத்தை நடந்துகொண்டே ஒப்பிப்பாள். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒன்பதாவதில் புதிதாக வந்த தமிழ் டீச்சர் அதை மாற்றினார். ஒரு கதைப்புத்தகத்தைக் கொடுத்து, ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் உனக்கு என்ன தோன்றியது, உன் வீட்டில் இதுபோல் நடந்ததுண்டா என்று தனி நோட்டில் எழுது என்று சொல்லிவிட்டார். ஞானத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"கப்பல்ல போறவுக கதை மதினி. நம்ம வீட்டுல யாரு கப்பல்ல போனா? நான் என்னத்த எழுத?"

"எனக்கு வாசிச்சுக் காட்டு. சும்மா சுத்திக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன்.

அப்போது வீட்டிலேயே குழாய் சுற்றுவோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். கப்பலில் வியாபாரத்துக்குப் போன ஒருவன் பத்து வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். பெண்டாட்டி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அத்தோடு அந்தப் பக்கம் முடிந்தது.

"ஏன் மதினி பேசல?"

"மொதல்ல தண்ணி குடுத்திருப்பா. பேச்சு பெறகுதான்."

"தண்ணி குடுத்தான்னு இதுல போடலையே."

"போடாட்டி என்ன? குடுத்திருப்பா. வெயில்ல வந்தவன் முன்னாடி சும்மாவா நிப்பா?"

ஞானம் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்து என் முகத்தையே பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று எழுதினாள். அன்றிலிருந்து பத்து வரிக்கு ஒருதரம் நிறுத்தி, "இப்ப என்ன தோணுது?" என்று கேட்பாள். "இந்தக் கதை எழுதுனவர் வந்தாக்கூட இம்புட்டுக் கேக்க மாட்டாரு, போடி" என்று விரட்டினாலும் விடமாட்டாள். நாளாக ஆக, நான் சொல்வதற்கு முன்னால் தானே சொன்னாள். "இந்த மாமியா பொய் சொல்றா மதினி. உண்மையா இருந்தா இம்புட்டு நேரம் பேசமாட்டா" என்பாள். ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளை கதையில் வருகிறவர்களோடு சண்டை போடத் தொடங்கினாள்.

உங்களிடமும் அவள் சொல்லியிருப்பாள்: "கதைக்குள்ள யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்க, நாமதான் போய்க் கதவைத் தட்டணும்." அவள் முதலில் தட்டிய கதவு என் வீட்டுக் கதவு. அது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

ஒன்பதாவது முழுப் பரீட்சை முடிந்த வாரம். எங்கள் பக்கத்தில் அந்த வாரம் பிள்ளைகளின் எழுதித் தீர்ந்த நோட்டெல்லாம் குழாய் சுற்றுகிற வீடுகளுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டிலும் ஒரு குவியல் கிடந்தது. ஞானத்தை ஒன்பதாவதோடு நிறுத்திக் கம்பெனிக்கு அனுப்புவதென்று அவள் அண்ணன் முடிவு செய்திருந்தார். தமிழ் டீச்சர் விடவில்லை. கதைக்கு அவள் எழுதிய அந்தத் தனி நோட்டைக் காட்டி, விருதுநகரில் ஒரு ஹாஸ்டலில் பணம் கட்டாமல் தங்கிப் படிக்க இடம் கேட்கிறேன், திங்கட்கிழமை கொண்டுவா என்று சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை அவள் தண்ணீருக்குப் போயிருந்தாள். அலமாரியில் இருந்த அந்த நோட்டை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'மதினி சொன்னது' என்று போட்டு எழுதியிருந்தாள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் பக்கம் வந்தது. 'என் மதினியின் எட்டு மாதப் பிள்ளை காய்ச்சலில் இறந்தபோது அண்ணன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். ஒன்பதாம் நாள் வந்தார். மதினி தண்ணீர் கொடுத்தாள். ஒரு மாதம் பேசவில்லை. கதையில் வரும் பெண்ணும் என் மதினிதான்.'

அவள் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனாலும் என் பிள்ளை செத்ததை யார் யாரோ படித்து மார்க் போடுவார்களா என்று ஆத்திரம் வந்தது. நோட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு தாளாகப் பசை தடவிக் கம்பியில் சுற்றி உருவினேன். அவள் குடத்தோடு திரும்பியபோது கடைசித் தாளும் குழாயாகியிருந்தது.

தேடினாள். குவியலைக் கலைத்துக் கலைத்துத் தேடினாள்.

"பழைய நோட்டுன்னு நெனச்சிட்டேன்ளா" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. "பரவாயில்ல மதினி" என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழுதாள். அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போனது.

ஜூன் மாதம் அவள் என்னோடு கம்பெனிக்கு வந்தாள். வேலை சரியாகச் செய்வாள். ஒரு வழக்கம் மட்டும் உண்டு: சுற்றப்போகிற தாளில் எழுத்து இருந்தால் வாசித்துவிட்டுத்தான் சுற்றுவாள். மேஸ்திரி ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"ஏ பிள்ளே, நீ சுத்த வந்தியா, படிக்க வந்தியா? கலெக்டராவா போகப்போற?"

"என்னன்னு பாத்துட்டுச் சுத்துறேன் அண்ணாச்சி. யாரு வீட்டு நோட்டோ, பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நிமிரவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஒரு வருடம் கழித்து அதே தமிழ் டீச்சர் வந்து அவள் அண்ணனிடம் மன்றாடிக் கூட்டிப்போனார். பிறகு அவள் படித்ததும், டீச்சர் டிரெயினிங் முடித்ததும், உங்கள் ஊருக்கு வந்ததும் நீங்கள் அறிந்தது. அவள் எடுத்துக்கொண்டு போனது முப்பது வயதுகூட நிறையாத ஆயுள். அதில் ஒரு முழு வருடத்தை நான் பசை தடவிச் சுற்றிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது தலைமாட்டில் ஒரு பாடப்புத்தகம் இருந்தது. லீவு முடிந்து போனதும் நடத்த வேண்டிய பாடமாம். "கண்ணு எரியுது மதினி, நீங்க வாசிங்க" என்றாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். அக்காவின் கழுத்துச் சங்கிலியை எடுத்து ஒளித்துவிட்டு, அவளோடு சேர்ந்து தேடுகிற ஒரு தங்கையின் கதை. பாதியில் ஞானம் கையைத் தூக்கினாள்.

"நில்லுங்க மதினி. இந்த எடத்துல உங்களுக்கு என்ன தோணுது?"

மஞ்சள் பூத்த கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை. வார்டில் வேறு யாரும் கவனிக்கவும் இல்லை. சொல்லியிருக்கலாம்.

"ஒண்ணும் தோணலளா" என்றேன்.

"சரி, மேல வாசிங்க" என்றாள். வாசித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று முடிக்காமலே எழுந்து வந்தேன்.

அவளுடைய சேலைகளையும் பேனாவையும் டீச்சர்மார் எனக்குக் கொடுத்தனுப்பினார்கள். அவற்றை அவள் அண்ணன் பெட்டியில் வைத்துவிட்டார். எனக்கென்று நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமைக்குப் பதினைந்து வருடம் பிந்தி, அதைக் கேட்டவள் இல்லாத நேரத்தில், அவள் பிள்ளைகளாகிய உங்கள் முன்னால் பதில் சொல்லியிருக்கிறேன். ஞானம், பழைய நோட்டென்று நினைத்து நான் அதை எடுக்கவில்லை. படித்துப் பார்த்துவிட்டுத்தான் கிழித்தேன்.