காமக்கூர்ப் பிள்ளையார்

வயதாகிவிட்டது. எதைப் பார்த்தாலும் எண்ணத் தோன்றுகிறது. மாத்திரைகளை எண்ணுகிறேன், கம்பியில் குந்தும் காகங்களை எண்ணுகிறேன், எண்ணி முடித்ததும் எதற்காக எண்ணினேன் என்று அலுத்துக்கொள்கிறேன். இந்தப் பீடை எனக்கு ஒரு கலண்டர் படத்தால் வந்தது.

கண்டிப் பக்கத்து ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசையில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் சித்தப்பாவும் சின்னம்மாவும் இருந்தார்கள். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் பேசி எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலம். சித்தப்பா இந்தியாவுக்குப் போய்விடத் துடித்தார். சின்னம்மாவோ அதற்கான மனுவில் கைநாட்டு வைக்க மறுத்தார். அவரை விட்டுவிட்டுத் தனியே போகச் சித்தப்பாவுக்கு மனமில்லை.

"அங்க என்னா இருக்கு? எல்லாம் காஞ்ச தரைன்னு சொல்றாங்க. மலை இல்லாத ஊருல எனக்கு மூச்சு வராதுங்க" என்பார் சின்னம்மா. சித்தப்பாவும் இந்தியாவைக் கண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டி டவுனுக்குப் போனவர், புடவைக் கடையில் கொடுத்த கலண்டரோடு வந்தார். பெரிய வண்ணப் படம். மூன்று பக்கமும் பச்சை மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் நெருக்கமாய் ஓட்டுக் கூரைகள். முன்னால் மரங்களுக்கிடையே பிரமாண்டமான ஒரு சிலை, எங்களுக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"இந்தியாவுல, நம்ம ஆளுங்க போயி எறங்குற மண்டபம் கேம்புக்கு அந்தாண்ட இருக்கிற ஊரு. பாத்துக்க, மலையும் இருக்கு, கடலும் இருக்கு" என்றார் சித்தப்பா.

சின்னம்மா என்னைக் கூப்பிட்டார். வீட்டில் இங்கிலீசு எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "படிச்ச புள்ள, நீ சொல்லுடா. கீழ என்னா எழுதியிருக்கு?"

சித்தப்பா கலண்டரின் அடியைப் பிடித்திருந்தார். கட்டைவிரலை ஒட்டியிருந்த சொல்லைக் கூட்டி வாசித்தேன். "கா...மா...கூ...ரா."

"கேட்டியா? காமக்கூரு!" என்றார் சித்தப்பா. அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் இன்னொரு சொல்லும் இருந்தது. அதன் முதல் எழுத்தின் வால் மட்டும் நகத்தோரம் தெரிந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா எட்டிப் பார்த்து, "அது என்னா சிலை?" என்றார்.

"நம்ம புள்ளையாரு."

"தும்பிக்கையக் காணோமே?"

"முதுகுல யாருக்கு மதினி தும்பிக்கை இருக்கும்?"

"முதுகுல ரெண்டு சன்னல் வச்சிருக்கே?"

"கடக்கரை ஊரு. புழுங்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மா மட்டும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "கூரை எத்தனைன்னு எண்ணுடா" என்றார். எண்ணினேன். அறுபத்திரண்டு. "அறுபத்திரெண்டு கூரை போட்டவங்க சாமிக்கு ஒண்ணு போடலையா?" என்று சித்தப்பாவைக் கேட்டார். சித்தப்பா கலண்டரின் அடியில் கட்டைவிரலை இன்னும் அழுத்திக்கொண்டார். சின்னம்மா அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மறுவாரம் கைநாட்டு வைத்தார்.

அந்தக் கேள்விக்கான பதில், நான் வாத்தியாராகி வேலையிலிருந்து ஓய்வும் பெற்ற பிறகு நூலகப் புத்தகம் ஒன்றில் கிடைத்தது. ஜப்பானில் காமகுரா என்ற ஊர். மலை அரண் என்று நம்பிப் போர்வீரர்கள் அங்கிருந்து நாட்டை ஆண்டார்கள். அவர்கள் வீழ்ந்தபின் அது மெல்ல மெல்ல மீன்பிடி ஊராய்ச் சுருங்கியது. முதுகில் சன்னல் வைத்த அந்தச் சிலை புத்தர்; அவருக்கு ஒரு காலத்தில் மண்டபம் இருந்ததாம். காற்றும் கடலும் அதை அடித்துக்கொண்டு போனபின் மறுபடி கட்டவில்லை. வெயிலிலும் மழையிலும் அவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். வாசித்து மூடியபோது சந்தோஷம் வரவில்லை, களைப்பாக இருந்தது. கேள்வி கேட்ட சின்னம்மா எந்த ஊரில் எந்தக் கூரைக்குக் கீழே இருந்தார் என்றுகூட எங்களுக்குத் தெரியாமல் போயிருந்தது.

சித்தப்பாவும் சின்னம்மாவும் புறப்பட்ட அன்று கண்டி ஸ்டேஷனில் ஒரே அழுகை. ரயில் நகரும் முன் சின்னம்மா சன்னல் வழியாகச் சுருட்டிய கலண்டரை என் கையில் திணித்தார். அடியில் எழுத்து இருந்த பகுதி வெட்டப்பட்டிருந்தது.

"உங்களுக்கு வேணாமா சின்னம்மா?"

அவர் திரும்பி, மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு குனிந்து மெதுவாக, "அங்க போய் இத மாட்டி வச்சா, மனுசன் மொகத்த எங்கடா வச்சுக்குவாரு?" என்றார்.

நான் தலையாட்டினேன். சன்னலைத் திறந்தால் காமக்கூரே தெரியும்போது, படத்தை மாட்டுவது யாருக்கும் வெட்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.